பிள்ளை இல்லாதவர் மகள்

"உங்கப்பாவுக்குத்தான் பிள்ளையே இல்லையேம்மா" என்றார் அந்தக் குமாஸ்தா.

என் அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, பித்தளைப் பொத்தான் வைத்த பட்டாளத்துக் கோட்டு, பூனாவில் கொடுத்த கட்டைக்கால். வைகாசி வெயிலில் அந்தக் கோட்டுக்குள் வெந்துபோய் நின்றார். நான் அவர் மூத்த மகள். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே முன்நெற்றி. அதைப் பார்க்கக் கண்ணாடிகூட வேண்டாம், குமாஸ்தா கொஞ்சம் தலையைத் தூக்கினால் போதும். அவர் தூக்கவில்லை.

திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் அது. முன்னாள் பட்டாளத்துக்காரர்களின் பென்ஷன் விவகாரங்களைப் பார்க்கிற இடம். பெயரைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது? கம்பி போட்ட ஜன்னல், கம்பிக்குப் பின்னால் குமாஸ்தா, அவருக்குப் பின்னால் துணியில் கட்டிய ஃபைல் மூட்டைகள். காய்ந்த பசையின் புளித்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.க்கு இடமும் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்ட வழியில்லை. போரில் கை, கால் இழந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது என்று ஓர் உத்தரவு இருப்பதை எங்கள் தலைமை ஆசிரியை கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குத்தான் வந்திருந்தோம். அந்த ஆபீஸ் ஒரு தாள் கொடுத்தால் நான் கல்லூரி. கொடுக்காவிட்டால், எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆள் தயாராக இருந்தது.

"ஃபைல்ல இஷ்யூ நில்னு தெளிவா போட்டிருக்கே" என்றார் குமாஸ்தா.

அப்பாவுக்குப் பட்டாளத்து இங்கிலீஷ் தெரியும். தெரிந்த வார்த்தை ஒன்று காதில் விழுந்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இல்லீங்க சார், இஷ்யூ எல்லாம் கரெக்டா குடுத்தாங்க. சட்டை, கம்பளி, தட்டு, மக்கு, பூட்ஸு ஒரு ஜோடி... அதுல ஒரு பூட்ஸுதான் இப்பத் தேவைப்படல."

ஆபீஸே சிரித்தது. தண்ணீர் கொண்டுவந்த பியூன்கூடச் சிரித்தான். அப்பாவும் என்ன ஏதென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"யோவ், இஷ்யூன்னா பிள்ளைய்யா, பிள்ளை! பிள்ளை கிடையாதுன்னு நீதானே சொல்லியிருக்கே? இப்ப காலேஜ் ஃப்ரீன்னதும் திடீர்னு ஒரு பொண்ணு மொளச்சிருச்சா? யாரு இது, தங்கச்சி மகளா, கொழுந்தியா மகளா?"

கால் கொடுத்த மனிதருக்கு 'யோவ்'. கூடவே திருட்டுப் பட்டம். அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போடவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கால்தான் இல்லை

அப்பா பெயர் சுப்பையா. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மிலிட்டரிக்காரர் என்றால்தான் தெரியும். பர்மாச் சண்டையில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நான் பிறந்தபோது அவர் பர்மாவில் இருந்தார். எனக்கு நடை வந்தபோது அவர் பூனா ஆஸ்பத்திரியில் நடை பழகிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அக்குளில் வைக்கிற கட்டைதான். அதன் அடியில் சைக்கிள் டயரை வெட்டி ஆணியடித்திருப்பார். முந்திரிக்கொல்லைக்கு அதை ஊன்றிக்கொண்டே போவார். மணலில் வட்ட வட்டமாக அச்சு விழும். கட்டைக்கால் வெளியூருக்கு மட்டும். அதை மாட்டுவதையும் கழற்றுவதையும் அம்மாவைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. நானும் தங்கையும் எட்டிப் பார்த்தால், "அங்கிட்டுப் போங்க" என்று அதட்டல் வரும்.

யாராவது வெளியூர்க்காரர் பாவப்பட்டு, "ஊனமாயிருச்சேப்பா" என்றால் அவருக்குப் பிடிக்காது. "ஊனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கால்தான் இல்ல" என்பார். அவர் கணக்கில் அது இரண்டும் வேறு வேறு.

இன்னொரு வார்த்தையும் இருக்கிறது, 'சலுகை'. தலைமை ஆசிரியை சொன்னது சலுகை, குமாஸ்தா சொன்னது சலுகை, பிறகு வந்த தாளிலும் சலுகை. ஜவுளிக்கடையில் ஆடி மாதம் கொடுப்பார்களே, அதற்குப் பெயர் சலுகை. ஒரு மனிதன் காலைப் பர்மாவில் போட்டுவிட்டு வந்ததற்காக அவன் பிள்ளைக்குக் கொடுக்கிற படிப்புக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சலுகை இல்லை, அது மட்டும் தெரியும்.

ராஜா போன வருஷம்

கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

நாங்கள் சமஸ்தானத்துக்காரர்கள். நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள். ஊரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. கடலை அதே மாதிரி விளைந்தது, கிணறு அதே மாதிரி வற்றியது. மாறியது ஆபீஸ்கள்தான். எது புதுக்கோட்டையில், எது திருச்சியில் என்று யாருக்கும் புரியவில்லை. பென்ஷன்காரர்களை எல்லாம் புதிதாகப் பதிய வேண்டும் என்று ஓர் அதிகாரி ஊர் ஊராக வந்தார்.

எங்கள் ஊர்ச் சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். அப்பாவின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேனாம். எனக்கு அஞ்சு வயது இருக்கும். அதிகாரியின் குடைக்கு யானைத் தலை வைத்த பிடி இருந்தது நினைவிருக்கிறது. அவர் எனக்குக் கொடுத்த பெப்பர்மிண்ட் நினைவிருக்கிறது. முக்கியமான அந்த ஒரு பேச்சு மட்டும் நினைவில் இல்லை.

"பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டிருக்கிறார்.

"பிள்ளை இல்லீங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை என்றால் ஆண். "எனக்கு ஒரு பிள்ளை, மூணு பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். ஆண் இல்லாத வீடு என்றால், ஆறு பெண் இருந்தாலும் பிள்ளை இல்லாத வீடு. அப்பா பொய் சொல்லவில்லை. ஊர் வழக்கப்படி நிஜத்தைச் சொன்னார். பக்கத்தில் நான் நிற்கிறேன், வீட்டுத் தூளியில் தங்கை கிடக்கிறாள், அவர் பிள்ளை இல்லை என்கிறார். அந்த வெளியூர் அதிகாரி அதை இங்கிலீஷில் மாற்றி 'நில்' என்று எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு பெப்பர்மிண்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் நான் யார் என்று கேட்கத் தோன்றவில்லை!

பஸ்ஸில்

திரும்பி வரும்போது பஸ் குளத்தூர்ப் பக்கம் வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அப்படிச் சொன்னீங்களாப்பா?"

"சொல்லியிருப்பேன்."

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல?"

"இருக்கீங்கதான் தாயி. ஆனா பிள்ளைன்னு கேட்டா... பிள்ளைதானே சொல்லணும்."

"அப்ப நான் யாருப்பா?"

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கவலையில்லை. அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நான் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. குமாஸ்தாமேல் இருந்த கோபத்தைவிட அப்பாமேல்தான் அதிகம் இருந்தது. குமாஸ்தா பேப்பரில் எழுதியிருந்ததைப் படித்தவர். அதைச் சொல்லிக்கொடுத்தவர் இவர்.

அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதுக்கோட்டை வந்து ஆலங்குடி பஸ் மாறும்போது, "நீ என்ன படிக்கப்போறே?" என்று மட்டும் கேட்டார். "கணக்கு" என்றேன். "கணக்கா..." என்றார்.

சித்தப்பாவின் யோசனை

செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது போலிருக்கிறது. மறுநாள் காலையில் சித்தப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் ஒரே தம்பி. அவருக்கு ஒரு மகன், முத்து. என் வயதுதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவனும் பாஸ்.

பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பி மகன்தான் எல்லாம் என்பது ஊரில் யாரும் பேசாமலே முடிவான விஷயம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப்போவது முத்து. முந்திரிக்கொல்லையும் அவனுக்குத்தான். இதை எங்கள் எதிரிலேயே பேசுவார்கள்.

"ஆபீஸ்ல பிள்ளை இல்லைன்னு இருக்கறதும் ஒரு வழிக்கு நல்லதுதாண்ணே" என்றார் சித்தப்பா. "முத்துவ நீங்க பிள்ளையா எடுத்துக்கிட்டதா எழுதிருவோம். நம்மூரு முன்சீப்புகிட்ட நான் பேசிக்கிறேன். ஃப்ரீயா வர்ற படிப்பு ஆம்பளப் பயலுக்குப் போகட்டும். மீனாட்சிக்கு அறந்தாங்கியில ஒரு எடம் இருக்கு, மாப்பிள்ளை மளிகைக்கடை."

மீனாட்சி என்பது நான்தான்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு வாசலுக்கு வந்து, "கொழுந்தனாரே, காலு போனது யாருக்கு?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்கு."

"ஒங்க மகனுக்கு அப்பன் யாரு?"

"என்ன மதினி, நான்தான்."

"அப்ப ஒங்களுக்குக் காலு போகட்டும், ஒங்க மகன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா காபி குடிக்காமல் எழுந்து போனார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அதுதான். மனதுக்குள் முத்துவின் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன்.

மறுபடியும் சாவடி

தலைமை ஆசிரியை விடவில்லை. அவரே மனு எழுதி, பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டையும் இணைத்து அனுப்பினார். பிறந்த தேதி, தகப்பன் பெயர் எல்லாம் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பன் சொன்னதைத்தானே எழுதுவார்கள், நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்தார். கல்லூரி திறக்க அதிக நாள் இல்லை.

அதே சாவடி. அதே மேசையாகக்கூட இருக்கலாம். கூடவே ஊர்ப் பதிவேடு வைத்திருக்கிற கிராம முன்சீப், சித்தப்பா, வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். நான் தூணோரம் நின்றேன். அப்பா கோட்டு, கட்டைக்கால் சகிதம் வந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். 'ஆள் திடமாக நடக்கிறார்' என்று எழுதி, கால் போனதும் பொய் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றியது.

ஆர்.ஐ. பழைய காகிதத்தைப் புரட்டினார். "பிள்ளைங்க இருக்காங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "அண்ணனுக்குப் பிள்ளை இல்லீங்கய்யா. எம் மகன் முத்துதான்..."

"இருக்கு" என்றார் அப்பா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பிள்ளை இருக்குங்க. ரெண்டு. மூத்தது இந்தா நிக்குது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முன்சீப் சமாதானமாக, "மிலிட்டரி, அது பொண்ணுப்பா. ஐயா கேக்குறது பிள்ளைய" என்றார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டியை ஒதுக்கினார். வாரை அவிழ்க்கத் தொடங்கினார். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. பெற்ற மகள்களுக்குக்கூடக் காட்டாத காலை, பாதி ஊர் பார்க்கக் கழற்றி, ஆர்.ஐ.யின் மேசையில் காகிதங்களுக்கு நடுவில் வைத்தார். தோலும் வியர்வையும் கலந்த வாடை வந்தது. ஆர்.ஐ. மைக்கூட்டை நகர்த்திக்கொண்டார்.

"இது எடது காலுங்க. எடது காலுதானே போச்சு, வலது இருக்குல்ல, வலது போனாத்தான் கணக்குன்னு என்னைய யாரும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா அவன் மனுசனா? காலுன்னா காலு. பிள்ளைன்னா பிள்ளை. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். இப்பச் சரியாச் சொல்றேன், எழுதிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்.ஐ. முன்சீப்பைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு இவர் மகதானா?"

"அதுல என்ன சார் சந்தேகம்? ஊருக்கே தெரியும்" என்றார் முன்சீப்.

ஊருக்கே தெரியும்! தெரிந்த ஊர்தான் இத்தனை நாளும் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குக் காலை எடுத்துக் கொடுக்க நான் போனேன். அங்கிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. வாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தார். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

'மட்டும்'

உத்தரவு வந்தபோது கல்லூரி திறந்து பாடமே ஆரம்பித்துவிட்டது. நான் உறையூரில் பெரியம்மா வீட்டில் தங்கி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலில் என் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். கூடப் படித்த பெண்கள் நல்லவர்கள், என்னோடு வரும்போது அந்தப் போர்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

கடைசியில் ஒருநாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்கள். பழைய 'நில்' போய்விட்டது. அந்த இடத்தில், 'டூ டாட்டர்ஸ் ஒன்லி' என்று இருந்தது. இரண்டு பெண்கள் மட்டும்.

மணியார்டர் தாளில் தொகைக்குப் பின்னால் போடுவார்களே, அந்த 'மட்டும்'. ரூபாய் ஐந்து மட்டும். அதற்குமேல் யாரும் சேர்த்துவிடக் கூடாது என்று போடுகிற மட்டும். அதைப் படித்ததும் ஏற்பட்ட எரிச்சலில் எனக்குச் சந்தோஷப்படக்கூட மறந்துபோனது. எங்கள் அப்பன் காலைக் கழற்றி மேசையில் வைத்துச் சொன்ன பிறகும் அவர்களுக்கு ஓர் 'ஒன்லி' தேவைப்பட்டிருக்கிறது.

ஆனாலும் படித்தேன். பி.யு.சி., அப்புறம் பி.எஸ்ஸி. கணக்கு. தங்கையும் அதே தாளைக் காட்டிப் படித்தாள். முத்துவும் தன் அப்பா செலவில் புதுக்கோட்டையில் படித்தான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பையன்.

மூன்றாம் தடவை

அறுபதுகளின் கடைசியில் ஒரு கடலை பிடுங்குகிற காலத்தில் அப்பா போய்விட்டார். நான் அப்போது டீச்சர் வேலையில் இருந்தேன். தகவல் கிடைத்து நான் வந்து இறங்கியபோது கோட்டைப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டைக்காலை மாட்டுவதா வேண்டாமா என்று ஆண்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டச் சொன்னேன். நானே மாட்டினேன். வார் கட்டுகிற விதம் அங்கிருந்த ஆண்கள் யாருக்கும் தெரியவில்லை.

கொள்ளி முத்துதான் வைத்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஆண்கள் திரும்பி வந்து குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சாவைப் பதிவதற்காக முன்சீப் நோட்டோடு வந்தார். பழைய முன்சீப் இல்லை, புதியவர், வெளியூர்க்காரர். நான் உள்ளே பெண்களோடு, அழுது ஓய்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பேசுவது தெளிவாகக் கேட்டது.

பெயர் கேட்டார், சொன்னார்கள். வயது கேட்டார், உத்தேசமாகச் சொன்னார்கள்.

"பிள்ளைங்க?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர்கள். யார் சொன்னது என்றுகூடத் தெரியவில்லை, ரெண்டு மூன்று குரல் சேர்ந்து வந்தது. "பிள்ளை இல்லீங்க. தம்பி மகன்தான் எல்லாம் செஞ்சான்."

நான் அம்மாவின் கையை விட்டேன். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, அதை முடிக்கவும் இல்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த வாசலுக்கு அப்படியே போய் நின்றேன்.

"இருக்கு" என்றேன். "ரெண்டு. மூத்தது இந்தா நிக்குது. எழுதிக்கங்க."